பணம் கட்டி நாவல் போடப் போகிறவர்களுக்கு: சுங்கை சிப்புட்டில் இருந்து ஓர் அனுபவம்

சொந்தமாக நாவல் எழுதிப் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது அடிக்கடி என்னை அழைக்கிறார்கள். பீடோரில் இருந்து ஒரு தம்பி, லூனாஸில் இருந்து ஒரு தங்கை, இப்படி. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ஒரு கம்பெனியில பேக்கேஜ் சொல்றாங்க, பணம் கட்டலாமா?" அவர்களிடம் தொலைபேசியில் சொல்வதை எல்லாருக்குமாக இங்கே எழுதி வைக்கிறேன். என் முதல் நாவலுக்கு 9,400 வெள்ளி (ரிங்கிட்) செலவானது. அதில் 3,750 வெள்ளி திரும்பவே இல்லை. பணம் போனதைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்டேன். ஒன்றரை வருடத்துக்கு மேல், நான் எழுதிய நாவல் என்னுடையதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு யாராவது உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் போதும். சொல்ல ஆள் இல்லை.

எனக்கு ஊர் சுங்கை சிப்புட். மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன். கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட பிறகு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தோம். வேலை, ஊருக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில், தராசு அறைக் கிராணி (எழுத்தர்). பழக்குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது முழு எடை, இறக்கிவிட்டுப் போகும்போது வெறும் எடை, கழித்தால் குலையின் எடை. வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் வேக வைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால், காய்ப்பு மும்முரமான மாதங்களில் நள்ளிரவு தாண்டியும் லாரி வந்துகொண்டே இருக்கும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதியவைதான் என் நாவல்கள். கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சுச் செயலியான செல்லினத்தைத் திறந்து தட்டிக்கொண்டே போவேன். வீட்டில் மேசை போட்டு எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு பக்கம்கூட ஓடாது. நேரமில்லை என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்: ஒரு லாரி எடை போடும் இடைவெளியில் ஒரு பத்தி வரும். ஒரு ஷிப்டில் ஒரு காட்சி வந்துவிடும். ஒரு வருடத்தில் நாவல் வந்துவிடும்.

நான் எழுதுவது துப்பறியும் கதை. அம்மா படித்த மாத நாவல்களில் இருந்து பிடித்த பழக்கம். சென்னையில் இருந்து வரும் அந்தச் சின்னப் புத்தகங்களைப் பழைய காகிதக்காரருக்குப் போடாமல் லயத்துப் பெண்கள் கைமாற்றிப் படிப்பார்கள். கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகம் வந்தால் கொலைகாரன் யார் என்று கிணற்றடியில் வாதம் நடக்கும். அந்த வாதத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு வேறு வகைக் கதை எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஓர் இலக்கியக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "ஏம்மா, நம்ம தோட்டத்துச் சனங்க வாழ்க்கையை எழுதக் கூடாதா? கொலையும் பேயும் எதுக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "ஐயா, ஒரு கொலை நடந்தா யார் யாருக்குக் கடன், யார் வீட்டுல யார் தங்குனாங்க, கணக்குல எங்க இடிக்குது, எல்லாத்தையும் தோண்டணும். தோட்டத்து வாழ்க்கை பூராவும் அதுக்குள்ள வந்துடுது." என் கதைகளில் துப்பறிகிறவர் ஓய்வு பெற்ற தோட்டத்து டிரஸர், அதாவது தோட்டத்து மருந்தகப் பணியாளர். மருந்து கட்டிய கையால் ஊரில் யாருக்கு என்ன தழும்பு என்று தெரிந்தவர், எந்த வீட்டில் எப்போது பிரசவம் நடந்தது என்று தெரிந்தவர். அவரிடம் பொய் சொல்வது சிரமம். இந்த வகை எழுத்தை நேசிக்கிறவர்கள் யார் முன்னாலும் கூச வேண்டியதில்லை. வாசகரை இரவு ஒரு மணி வரை விழிக்க வைப்பது பெரிய வேலை.

முதல் நாவலை எழுதும்போதே அத்தியாயம் அத்தியாயமாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். லாரி ஓட்டுநர்கள், தாமான் பெண்கள், என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். பிற்பாடு என்னைக் காப்பாற்றியதே இந்தக் குழுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதையில் மண்டோர் (வேலையாட்களை மேற்பார்க்கிறவர்) மகன் ஒருவன் காணாமல் போகிறான். வாசல் காவலர் அவன் வெளியே போகவே இல்லை என்கிறார். டிரஸர் ஆலையின் பழைய எடைச் சீட்டுகளைப் புரட்டுகிறார். ஒரு லாரியின் வெறும் எடை எல்லா நாளும் 5,400 கிலோவுக்கும் 5,440 கிலோவுக்கும் நடுவில் இருக்கிறது. அன்று மட்டும் 5,500. குலையை இறக்கிவிட்டுக் காலியாகப் போன வண்டியில் ஓர் ஆள் எடை கூடுதல். இந்த இடத்தை எழுதிவிட்டு அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு ஓட்டுநர் தராசில் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்: "அக்கா, அன்னிக்கு டேங்க் ரொம்ப டீசல் ஊத்தியிருந்தா? நூறு லிட்டர் ஊத்துனா எண்பது கிலோ ஏறிடுமே." அவர் சொன்னது முழுக்கச் சரி. உட்கார்ந்து யோசித்து, தோட்டத்து ஸ்டோரின் டீசல் சீட்டையும் கதைக்குள் கொண்டுவந்தேன். அந்த லாரி மறுநாள் காலையில்தான் டீசல் போட்டிருக்கிறது, அதுவும் டேங்க் வற்றிப்போன நிலையில். அப்படியென்றால் முந்தைய நாள் அது வழக்கத்தைவிட எடை குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கிறது. முடிச்சு இறுகிவிட்டது. எழுதியதைத் தொழில் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல படிக்கிறதை நிறுத்தினீங்க" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் சரக்கு இருக்கிறது.

நாவல் முடிந்தது. அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எழுத வந்தவர்களுக்கு நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு இருந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது. நீளமான துப்பறியும் தொடரைப் போட இடமில்லை. அப்போதுதான் தலைநகர்ப் பக்கம் இருந்த ஒரு பதிப்பு நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. பிழை திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான அடையாள எண்), 500 பிரதி, கடைகளுக்கு விநியோகம், எல்லாம் சேர்த்து 7,500 வெள்ளி, மூன்று தவணை. பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்க கதையை நான் ராத்திரியே படிச்சு முடிச்சுட்டேன் மேடம்" என்றார். இத்தனை வருட எழுத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அந்தச் சொல்லுக்காகவே போனஸ் பணத்தை எடுத்தேன், போதாததற்குச் சங்கிலியை அடகு வைத்தேன். புதிதாக எழுதுகிறவர்களுக்கு அந்த ஒரு பாராட்டு எவ்வளவு பெரியது என்பது இந்த மாதிரி நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். யாராவது அப்படிப் பாராட்டினால், "எந்தக் காட்சி பிடிச்சது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். படித்திருந்தால் பதில் உடனே வரும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் என்னைப் பின்னால் பாடாய்ப் படுத்தின. ஒன்று, "எல்லா வடிவங்களிலும் எல்லா மொழிகளிலும் பத்து ஆண்டுகளுக்கு" வெளியிடும் உரிமை அவர்களுக்கு மட்டும். அச்சுக்குப் பணம் கொடுத்தது நான், உரிமை மட்டும் அவர்களுக்கு. மின்னூல், ஒலிநூல், மலாய் மொழிபெயர்ப்பு, திரைக்கதை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டன. இரண்டு, ஐ.எஸ்.பி.என். அவர்கள் பெயரில். அந்த எண் எந்தப் பதிப்பாளர் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதிவேட்டில் வெளியீட்டாளர். அவர்களை விட்டு வந்து மறுபதிப்புப் போட்டால் புது எண் வாங்க வேண்டும். நம் நாட்டில் இந்த எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே கொடுக்கிறது. என் பேக்கேஜில் அதற்கென்று தனியாக 350 வெள்ளி போட்டிருந்தார்கள். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி, எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்குத்தான். எங்கும் பதியத் தேவையில்லை, ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் செல்லும். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில்தான் மாற்ற முடியும். ஆகவே கையெழுத்துப் போடும் காகிதம்தான் எல்லாம். அதில் எந்த வடிவம், எந்த மொழி, எந்த நாடு, எத்தனை வருடம், எப்போது உரிமை திரும்பும் என்று ஐந்தும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் தமிழில் விளக்கி எழுதித் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்கள் வந்த நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெட்டிகளை வீட்டு முன்கூடத்தில் இறக்கினார்கள். அம்மா மஞ்சள், குங்குமம் எடுத்து வந்தார். ஒரு பிரதியைப் பிரித்து நடுப்பக்கத்தைப் பார்த்தேன். 'கொலை' என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், புள்ளி வட்டம் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வரியில் 'தோட்டம்' அதே மாதிரி. பக்கத்துக்குப் பக்கம் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தன. வரி முடியும் இடங்களில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டியிருந்ததால் 'ர்' என்று ஓர் எழுத்து மட்டும் அடுத்த வரியின் தலையில் தனியாக உட்கார்ந்திருந்தது. நான் கொடுத்தது யூனிகோட் கோப்பு. அவர்கள் பக்கம் அமைத்த பழைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை. யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி அதன் பின்னால் என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அது அந்த வேலையைச் செய்யாவிட்டால் இப்படித்தான் ஆகும். எனக்கு ஒப்புதலுக்கு அனுப்பிய பி.டி.எஃப். வேர்டில் இருந்து எடுத்தது, அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அச்சுக்குப் போனது வேறு கோப்பு. அம்மா எதுவும் கேட்காமல் குங்குமத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. அச்சுக்கூடத்துக்குப் போகும் அதே கடைசி பி.டி.எஃப்.ஐக் கேட்டு வாங்குங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் வரும் சொற்களை, கொ, கோ, கௌ வரிசை உட்பட, பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். ஸ்ரீ, ஆய்தம், மேற்கோள் குறி, எண்கள் ஆகியவற்றையும் பாருங்கள், யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது முதலில் சிதைவது இவைதான். அப்புறம், மொத்தமாக அச்சடிப்பதற்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கையில் பார்த்த பிறகே கடைசித் தவணை என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். என்னிடம் கடைசித் தவணையைப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பெண் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பேசி, அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. நிறுத்த வழியில்லை. மண்டபம், ஒலிபெருக்கி, சாப்பாடு, மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று 1,900 வெள்ளி. நம் ஊரில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிரமுகர் ஒருவர் முதல் நூலை வாங்குவார், மற்றவர்கள் வரிசையில் வந்து உறையைக் கொடுத்துவிட்டு நூலை வாங்கிக்கொள்வார்கள். ஐம்பது, நூறு என்று போடுவார்கள். மொத்தம் 3,650 வெள்ளி சேர்ந்தது. அந்த உறைகளை நான் குறைவாக நினைக்கவில்லை. கித்தா பால் வெட்டிய கைகள் கொடுத்த பணம் அது, நம் பிள்ளை புத்தகம் எழுதியிருக்கிறாள் என்ற பெருமையில் கொடுத்தது. ஆனால் அங்கே புத்தகம் வாங்கியவர்களில் மிகச் சிலர்தான் படித்தார்கள். துப்பறியும் கதை விரும்பிப் படிக்கிறவர்கள் அன்றைக்கு மண்டபத்தில் இல்லை, லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விழா என்பது அச்சுச் செலவை ஊரார் சேர்ந்து சுமக்கும் ஏற்பாடு. அதற்கு அது நல்ல ஏற்பாடுதான். அடுத்த நாவலை எதிர்பார்த்து நிற்கும் வாசகரை அது தராது. அவரைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

விழா முடிந்ததும் மீதிப் பிரதிகளை விற்க எனக்கு மனம் வரவில்லை. கொம்பு முறிந்த எழுத்தோடு ஒரு கதையை யார் கையிலும் கொடுக்க முடியவில்லை. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்த மாதங்களில் ஒரு வரி எழுதவில்லை. தராசு அறையில் லாரிக்கு லாரி நடுவே சும்மா உட்கார்ந்திருப்பேன். குழுவில் யாராவது "அக்கா, டிரஸர் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். பதில் போடாமல் வைத்துவிடுவேன். அந்தக் கேள்வியை அவர்கள் விடாமல் கேட்டார்கள். அதனால்தான் மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒருவர் வழி சொன்னார். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்பார்கள். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு தடை சொல்லக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். ஆனாலும் பாரம் நிரப்பினேன். ஒப்பந்தம், தவணை ரசீதுகள், ஒப்புதலுக்கு வந்த பி.டி.எஃப்., அச்சான பக்கத்தின் படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கினேன். விசாரணை நாளுக்கு முன்பே நிறுவனத்தில் இருந்து அழைப்பு வந்தது. 2,000 வெள்ளி திருப்பித் தருகிறோம், முடித்துக்கொள்வோம் என்றார்கள். பணம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, உரிமை முழுவதும் எழுத்து மூலம் எனக்குத் திரும்ப வேண்டும் என்றேன். ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் இன்றும் வீட்டுக் கிராந்தோடு (நிலப்பட்டாவோடு) ஒரே கோப்பில் இருக்கிறது. பேச்சு எதுவாக இருந்தாலும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்தவுடன் "நீங்கள் சொன்னது இது" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். எனக்குக் கடைசியில் உதவியது அந்தச் செய்திகள்தான்.

இரண்டாவது நாவலை நானே போட்டேன். நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வியாபாரப் பெயர் பதிய வருடத்துக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரிலேயே என்றால் 30. தேசிய நூலகத்தில் வெளியீட்டாளராகப் பதிந்து ஐ.எஸ்.பி.என். வாங்கினேன். புத்தகம் வந்ததும் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், அந்த ஐந்தையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தாளிலோ கடைசித் தாளிலோ அச்சகம், வெளியீட்டாளர் இருவரின் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ கட்டாயம் இருக்க வேண்டும், அச்சு, வெளியீட்டுச் சட்டம் 1984 அப்படிச் சொல்கிறது. தமிழில் மட்டும் போட்டால் போதாது. ஈப்போவில் ஓர் அச்சகத்தில் டிஜிட்டல் முறையில் 200 பிரதிகள் அடித்தேன். 176 பக்கம், ஒரு பிரதிக்கு 9 வெள்ளி 20 சென், மொத்தம் 1,840 வெள்ளி. ஆஃப்செட்டில் அடித்தால் ஒரு பிரதிக்குச் செலவு குறையும், ஆனால் 500க்கு மேல் அடித்தால்தான் கட்டுப்படியாகும். பதினாறு பதினாறு பக்கமாக மடிப்பார்கள் என்பதால், பக்க எண்ணிக்கை பதினாறில் வகுபடும்படி அமைத்தால் வெற்றுத்தாளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 500 பிரதி ஆசை யாருக்கும் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் பெட்டியில் கிடக்கும் புத்தகம் ஆறே மாதத்தில் பழுத்துவிடும், கறையான் வேறு. இருநூறை விற்றுவிட்டு மறுபடி இருநூறு அடிப்பது நிம்மதி.

விலை 25 வெள்ளி வைத்தேன். வாட்ஸ்அப் குழுவில் முன்பதிவு அறிவித்தேன், கியூஆர் படத்தைப் போட்டேன். அச்சுக்குப் போகும் முன்பே பாதிக்கு மேல் பணம் வந்துவிட்டது. எந்த மண்டபத்திலும் நான் பார்க்காதது அது. தபால் செலவு தீபகற்பத்துக்குள் ஏழெட்டு வெள்ளி ஆகிறது, சபா, சரவாக்குக்குக் கூடும். அதை வாங்குபவர் தலையில் முழுக்கக் கட்டாமல் இரண்டு பிரதி வாங்கினால் இலவசம் என்று வைத்தேன், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்க ஆரம்பித்தார்கள். கடைகளில் வைத்தால் முப்பது, நாற்பது விழுக்காடு கழிவு கேட்கிறார்கள். அதுவும் விற்ற பிறகுதான் பணம், வசூலிக்க நாம்தான் அலைய வேண்டும். எனக்கு நன்றாக விற்ற இடம் கோயில் திருவிழா. தீமிதி அன்று முறுக்குக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட்டேன். அட்டையில் தராசில் நிற்கும் லாரியைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் வேலை செய்தவர்கள் தாமாக நின்றார்கள். "இது எந்த ஆலை?" என்று கேட்டுக்கொண்டே பின்னட்டையைப் படித்தார்கள். வாங்குகிறவர்களிடம் பெயரும் எண்ணும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன், அவர்கள் சம்மதித்தால் மட்டும். ரசீதும் கொடுப்பேன். புத்தகம் வாங்கிய செலவை வருமான வரியில் வாழ்க்கைமுறைச் சலுகைக்கான 2,500 வெள்ளி வரம்புக்குள் காட்டலாம் என்று பலருக்குத் தெரியவில்லை, சொன்னால் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பிரதியாக வாங்குகிறார்கள். அந்த நோட்டுதான் இன்றைக்கு என்னிடம் இருக்கும் மூலதனம். பதிப்பாளர் மாறலாம், அச்சகம் மாறலாம். கோப்பு, உரிமை, வாசகர் எண்கள், இந்த மூன்றும் என் கையில் இருக்கும் வரை அடுத்த நாவலை யார் தயவும் இல்லாமல் போட்டுவிடுவேன்.

மின்னூல் பற்றியும் கேட்கிறார்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களை நாமே போடலாம், யூனிகோட் கோப்பு சுத்தமாக இருந்தால் போதும். மலேசியாவுக்கென்று தனி அமேசான் கடை இல்லாததால் நம் ஊர் வாசகர்கள் அதில் அதிகம் வாங்குவதில்லை. எனக்கு அங்கே கிடைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். பிரட்டு (காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் எடுப்பது), கிராணி, லயம் என்றெல்லாம் எழுதினால் அவர்களுக்குப் புரியுமா என்று பயந்தேன். புரிந்துகொள்கிறார்கள், புது ஊரைப் பார்த்த மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள். கிண்டில் செலக்ட் என்ற அவர்களுடைய திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் போடக் கூடாது, பிரதிலிபி மாதிரியான தளத்தில் தொடராக ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவோடு நமக்கு வரி ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்கக் கடை விற்பனையில் வரும் உரிமைத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். முதல் மாதம் தொகை குறைந்ததைப் பார்த்து நான் பதறினேன், நீங்கள் பதற வேண்டாம்.

முதல் நாவலையும் கொம்பு நிமிர்த்தி மறுபடி அச்சடித்துவிட்டேன். இப்போது என் ஆசை பெரியது, வெளிப்படையாகவே சொல்கிறேன். டிரஸரை வைத்து ஒரு வரிசை எழுத வேண்டும், ஒவ்வொரு நாவலும் வேறொரு தோட்டத்து ஊரில். தமிழ்நாட்டில் ஒரு பதிப்பகம் இந்திய உரிமையை மட்டும் வாங்கி அங்கே வெளியிட வேண்டும், மலேசிய உரிமை என்னிடமே இருக்க வேண்டும். மலாயிலும் வர வேண்டும், ஏனென்றால் தோட்டத்துக் கதை இந்த நாட்டின் கதை, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) படிக்கட்டும். எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா என்றால், இன்றைய விற்பனையில் முடியாது. தராசு அறை வேலையை விடச் சொல்லி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருடத்துக்கு ஒரு நாவல், அதன் செலவை அதுவே எடுத்து அடுத்ததற்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கும் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

அடுத்து எழுதுவது டிரஸரின் இளமைக்காலம், 1948. அந்த வருடம் ஜூன் 16ஆம் தேதி இங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை வரை நீடித்தது. துரைமார் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அன்றைக்குப் பிரட்டுக்கு நின்ற நம் ஆட்கள் என்ன பார்த்தார்கள், என்ன பயந்தார்கள் என்பது எதிலும் போதுமான அளவு இல்லை. என் கதையில் வரும் கொலை கற்பனைதான், அதைச் சுற்றி இருக்கும் ஊர் உண்மையாக இருக்க வேண்டும். முதன்முதலில் அடையாளக் கார்டுக்குப் படம் எடுத்தது, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, காட்டோரத்து லயங்களைக் காலி செய்து கம்பிவேலிக்குள் குடிவைத்தது, இவற்றைச் சின்ன வயதில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஈப்போ பக்கமானாலும் கெடாவானாலும் வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஷிப்ட் இல்லை.